மின்வெட்டுக்குப் பின் போஸ்ட்கிரெஸ் எழுந்துவிட்டது, ஒரு டேபிள் மட்டும் திறக்கவில்லை. பேக்கப் கோப்போ 20 பைட்

சாட்ஸ்வொர்த்_கடைக்கணக்கு:

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு அரிசி, மசாலா மொத்தக் கடையின் பில்லிங் சர்வர். உபுண்டு 22.04, டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 14. சாதாரண டெஸ்க்டாப் பெட்டி, 500 ஜிபி எஸ்எஸ்டி. டேட்டாபேஸ் மொத்தம் 6 ஜிபி. நேற்று மாலை கரண்ட் போனது, யுபிஎஸ் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. கரண்ட் வந்து, சர்வர் தானாக எழுந்து, நாலு நிமிடத்தில் மறுபடி போனது.

இன்று காலை லாகில் வந்தவை:

டேட்டாபேஸ் சிஸ்டம் வாஸ் நாட் ப்ராப்பர்லி ஷட் டவுன். ஆட்டோமேட்டிக் ரெக்கவரி இன் ப்ராக்ரஸ்
ரீடூ ஸ்டார்ட்ஸ்…
ரீடூ டன்…
டேட்டாபேஸ் சிஸ்டம் இஸ் ரெடி டு அக்செப்ட் கனெக்‌ஷன்ஸ்

பில் போடும் திரை திறக்கிறது. பழைய விற்பனை அறிக்கை கேட்டால் மட்டும் இது:

எரர்: இன்வேலிட் பேஜ் இன் பிளாக் 51207 ஆஃப் ரிலேஷன் பேஸ்/16401/24688

பேக்கப் இருக்கிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம். இரவு 2 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்) ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும். அது பிஜி_டம்ப்பின் (டேட்டாபேஸைக் கோப்பாக எழுதித் தரும் கருவி) வெளியீட்டை ஜிஜிப் வழியாகச் சுருக்கி, அதே பெட்டியின் இரண்டாவது டிஸ்கில் வைக்கும். போய்ப் பார்த்தால் கடைசி 9 கோப்புகளும் 20 பைட். அதற்கு முந்தையது 740 எம்பி. ஸ்கிரிப்டின் கடைசி வரி 10 நாளைத் தாண்டிய கோப்புகளை அழிக்கும்.

ரெக்கவரி முடிந்தது என்று அதுவே சொல்கிறது, பிறகு ஏன் பக்கம் கெட்டிருக்கிறது? இந்த 9 நாள் விற்பனையை மீட்க வழி உண்டா? ஜீரோ_டேமேஜ்ட்_பேஜஸ், பிஜி_ரீசெட்வால் என்று இரண்டு வழி படித்தேன். ஓட்டலாமா?


ஜோபர்க்_டிபிஏ:

இரண்டையும் இப்போது தொடாதீர்கள். மற்றவற்றைப் படிக்கும் முன்னால் அந்த கிரான் வரியை நிறுத்துங்கள். உங்களிடம் இருக்கும் ஒரே நல்ல பேக்கப் அந்த 740 எம்பி கோப்பு, இன்றோ நாளையோ இரவில் உங்கள் ஸ்கிரிப்டே அதை அழித்துவிடும். அதை வேறு ஒரு பெட்டிக்கும் ஒரு யுஎஸ்பி டிஸ்குக்கும் நகலெடுத்துவிட்டு, ஜிஜிப்பின் சோதனை விருப்பத்தில் ஓட்டி, கோப்பு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, பில் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இன்று கையால் எழுதும் பில் புத்தகம் போதும். கெட்ட டேட்டாபேஸில் விழும் ஒவ்வொரு புதிய வரியும் மீட்பைச் சிக்கலாக்கும். ஆட்டோவேக்யூம் (பழைய வரிகளைத் தானாகச் சுத்தம் செய்வது) பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் பக்கங்களை மாற்றி எழுதும்.

சர்வீஸை முறையாக நிறுத்திவிட்டு, /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/14/மெயின் அடைவை அப்படியே, உரிமைகள் மாறாமல், வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். உள்ளே இருக்கும் பிஜி_வால் அடைவும் (ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் பதியும் வால் கோப்புகள் இருக்கும் இடம்) கட்டாயம் வரவேண்டும். அதை வெறும் லாக் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் நிறைய. உபுண்டுவில் கான்ஃபிக் கோப்புகள் /ஈடிசி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அடியில் தனியாக இருக்கும், அவற்றையும் எடுங்கள். இரண்டு நகல் வேண்டும். ஒன்றைக் கழற்றி மேசை அறைக்குள் வைத்துப் பூட்டுங்கள். மற்றதை வேறு பெட்டியில், அதே போஸ்ட்கிரெஸ் 14-இல் ஏற்றி வேலை செய்யுங்கள். மீட்பில் ஒரு அடி தப்பினாலும் திரும்பி வந்து நிற்க இடம் இருக்கும்.

இனி நோயைப் பார்க்கலாம். 24688 என்ன என்று கேளுங்கள்:

செலக்ட் பிஜி_ஃபைல்நோட்_ரிலேஷன்(0, 24688);

இன்டெக்ஸ் என்று வந்தால் கவலையில்லை. ரீஇன்டெக்ஸ் போட்டால் டேபிளிலிருந்து புதிதாகக் கட்டிக்கொள்ளும். டோஸ்ட் டேபிள் என்றால் நீளமான உரைப் புலங்கள் சில போயிருக்கும். டேபிளே என்றால் கீழே உள்ளபடி.

போஸ்ட்கிரெஸ் பக்கம் (பிளாக் என்பதும் அதுவே) ஒன்று 8192 பைட். 51207-ஆம் பக்கம் கோப்பின் 419,487,744-ஆம் பைட்டில் தொடங்கும். டேபிள் கோப்பு 1 ஜிபிக்கு ஒரு துண்டாகப் பிரியும் என்பதால் இது முதல் துண்டிலேயே இருக்கிறது. டிடி கட்டளையில் பிளாக் அளவு 8192, ஸ்கிப் 51207, கவுண்ட் 1 கொடுத்து அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து ஹெக்ஸ்டம்ப்பில் பாருங்கள். வேறு கோப்பின் உள்ளடக்கம் தெரிகிறதா, பாதி சரியாக இருந்து பாதி குப்பையா என்பது கண்ணுக்கே தெரியும்.

மற்ற வரிகளை எடுக்க சிடிஐடி உதவும். அது ஒவ்வொரு வரியின் பக்க எண்ணும் இட எண்ணும். 14-ஆம் பதிப்பிலிருந்து சிடிஐடி வரம்பு கொடுத்தால் அந்தப் பக்கங்களை மட்டும் படிக்கும் வசதி வந்திருக்கிறது. 13 வரை முழு டேபிளையும் படிக்கப் போய் கெட்ட பக்கத்தில் முட்டி நிற்கும். உங்களிடம் 14 இருப்பது நல்லதாகப் போயிற்று. எனேபிள்_செக்ஸ்கேன் ஆஃப் செய்துவிட்டு:

கிரியேட் டேபிள் மீட்பு ஆஸ் செலக்ட் * ஃப்ரம் விற்பனை_வரி வேர் சிடிஐடி < '(51207,0)';
இன்சர்ட் இன்டூ மீட்பு செலக்ட் * ஃப்ரம் விற்பனை_வரி வேர் சிடிஐடி >= '(51208,0)';

இரண்டாவது கட்டளை இன்னொரு பிளாக்கில் தடுக்கி விழக்கூடும். கெட்டது ஒன்றோடு நிற்பது அபூர்வம். எனவே போஸ்ட்கிரெஸின் உள் நிரல் மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் ஒரு லூப் எழுதி, 0 முதல் கடைசி பிளாக் வரை ஒவ்வொன்றாகப் படித்து, எக்ஸெப்ஷன் வந்த பிளாக் எண்ணை ஒரு டேபிளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழுப் பட்டியல் கையில் வந்த பிறகு மீட்பைத் தொடங்கலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. முழுக்க பூஜ்யமாக இருக்கும் பக்கத்தை போஸ்ட்கிரெஸ் பிழை என்று சொல்லாது. புதிய காலிப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் தாண்டிப்போகும். எழுத வேண்டிய பக்கம் டிஸ்குக்குப் போய்ச் சேராமல் பூஜ்யமாகவே நின்றிருந்தால் உங்கள் லூப் அதைக் கண்டுபிடிக்காது. ஆகவே பில் தலைப்பு டேபிளில் உள்ள மொத்தத் தொகையையும் அந்த பில்லின் வரிகளைக் கூட்டிய தொகையையும் ஒப்பிடுங்கள். வரி இல்லாத தலைப்பு, தலைப்பு இல்லாத வரி, பில் எண்ணில் இடைவெளி மூன்றையும் தேடுங்கள்.

கெட்ட பக்கங்களின் வரிகள் போனவைதானா? எல்லாமே அல்ல. டேபிளின் நடுவில் இருக்கும் பிளாக் என்றால் அதில் பழைய விற்பனை இருக்க வாய்ப்பு அதிகம். 740 எம்பி கோப்பை வேறு பெயரில் ஒரு டேட்டாபேஸாக ரீஸ்டோர் செய்து, அதில் இருந்து மீட்பு டேபிளில் இல்லாத ஐடிகளை எடுத்து நிரப்புங்கள். 9 நாளில் யாராவது வேண்டுமென்றே அழித்த வரிகளும் இந்தப் பட்டியலில் வரும். கெட்ட பிளாக்குகளை ஒட்டிய ஐடி வரம்புக்குள் வருபவற்றை மட்டும் சேருங்கள்.

ஜீரோ_டேமேஜ்ட்_பேஜஸ் செய்வது இதுதான்: கெட்ட பக்கத்தைப் படிக்கும்போது நினைவகத்தில் பூஜ்யமாக்கி, எச்சரிக்கை ஒன்று போட்டு, மேலே போகும். அந்தப் பக்கத்தில் மிஞ்சிய நல்ல வரிகளும் சேர்ந்து போய்விடும். வேறு வழியே இல்லாதபோது, வேலை நகலில் மட்டும். பிஜி_ரீசெட்வால் போஸ்ட்கிரெஸ் எழவே மறுக்கும்போது கடைசியாகத் தொடுவது. உங்களுடையது எழுந்துவிட்டது, அதற்கு இங்கே வேலையே இல்லை.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃபில் எஃப்சிங்க் (எழுதியது டிஸ்கில் இறங்கியதை உறுதிசெய்வது), ஃபுல்_பேஜ்_ரைட்ஸ் (பாதி எழுதிய பக்கத்தைச் சரிசெய்ய முழுப் பக்கத்தையும் வாலில் வைப்பது) இரண்டும் என்னவாக இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள். ஷோ கட்டளையிலேயே தெரியும்.


சாட்ஸ்வொர்த்_கடைக்கணக்கு:

மிக்க நன்றி அண்ணா. கிரானை நிறுத்தி, கோப்பை இரண்டு இடத்தில் வைத்துவிட்டேன். நகலெடுப்பது ஓடுகிறது.

எஃப்சிங்க் ஆஃப். ஃபுல்_பேஜ்_ரைட்ஸ் ஆன். பழைய மென்பொருளிலிருந்து தரவை ஏற்றியபோது வேகத்துக்காக யாரோ மாற்றி, திரும்ப வைக்காமல் விட்டிருக்கிறார்கள். 24688 டேபிள்தான், விற்பனை வரிகள்.

20 பைட் ஏன் என்றும் தெரிந்தது. 9 நாளுக்கு முன் டேட்டாபேஸ் பயனரின் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறோம், ஸ்கிரிப்டில் பழையது. ஆனால் கிரான் ஒரு பிழையும் சொல்லவில்லையே?


மாரிட்ஸ்பர்க்_இரும்புவேலை:

பைப்பின் கோளாறு அது. இரண்டு கட்டளைகளைப் பைப் போட்டு இணைத்தால் ஷெல் பார்ப்பது கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும். பிஜி_டம்ப் பாஸ்வேர்ட் தவறி விழுந்தது. ஜிஜிப்புக்கு ஒன்றும் வரவில்லை, ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கி வெற்றி என்று சொல்லிவிட்டது. காலியான ஜிஜிப் கோப்பின் அளவு சரியாக 20 பைட். பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் செட் -இ -ஓ பைப்ஃபெயில் போட்டால் இது பிடிபடும். ஜிஜிப்பே தேவையில்லை என்பது என் எண்ணம். பிஜி_டம்ப்பின் கஸ்டம் ஃபார்மட் தானே சுருக்கும், அதிலிருந்து ஒரு டேபிளை மட்டும் தனியாக ரீஸ்டோர் செய்யவும் முடியும்.

இதே வகைத் தவறு பெரிய இடங்களிலும் நடந்தது. 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனம் தன் டேட்டாபேஸ் அடைவைத் தவறுதலாக அழித்தபோது, நம்பியிருந்த டம்ப் கோப்புகள் இல்லவே இல்லை என்று அப்போதுதான் கண்டார்கள். சர்வர் 9.6, டம்ப் எடுக்கப் போனது 9.2-இன் பிஜி_டம்ப். அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது, அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத் தரவு போனது. முழு அறிக்கையையும் அவர்களே வெளியிட்டார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. போஸ்ட்கிரெஸில் கமிட் என்றால் டேபிள் கோப்பு மாறிவிட்டது என்று பொருள் இல்லை. மாற்றம் முதலில் வால் கோப்பில் எழுதப்படும், அது டிஸ்கில் இறங்கிய பிறகே கமிட் ஆயிற்று என்ற பதில் போகும். டேபிள் பக்கங்கள் நினைவகத்தில் அழுக்காகக் கிடந்து, செக்பாயின்ட் நேரத்தில் டிஸ்குக்குப் போகும். இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒன்று, அல்லது வால் 1 ஜிபியை நெருங்கினால் அதற்கு முன்பே. பெட்டி திடீரென்று அணைந்தால், எழும்போது கடைசிச் செக்பாயின்ட்டிலிருந்து வாலைப் படித்து மறுபடி செய்யும். நீங்கள் பார்த்த ரீடூ அதுதான்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு வாக்குறுதியின் மேல் நிற்கிறது: டிஸ்கில் எழுதிவிட்டேன் என்று கர்னல் சொன்னால் அது உண்மையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எஃப்சிங்க் ஆஃப் என்றால் போஸ்ட்கிரெஸ் அதைக் கேட்பதே இல்லை. கர்னல் தனக்குத் தோன்றிய வரிசையில் எழுதும். லினக்ஸில் அழுக்குப் பக்கம் வழக்கமாக 30 விநாடி வரை நினைவகத்திலேயே கிடக்கலாம். செக்பாயின்ட் முடிந்தது என்ற குறிப்பு டிஸ்கில் இறங்கிவிட்டது, ஆனால் அந்தச் செக்பாயின்ட் எழுதியிருக்க வேண்டிய பக்கங்கள் இறங்கவில்லை, அந்த இடைவெளியில் கரண்ட் போகிறது. மறுபடி எழும்போது ரெக்கவரி அந்தக் குறிப்புக்குப் பின்னாலிருந்துதான் தொடங்கும், இறங்காத பக்கங்களின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. ரீடூ டன் என்று அது சொன்னது பொய்யல்ல. தன் கையில் இருந்த வாலை அது முழுசாக ஓட்டிவிட்டது. உங்களுக்கு நாலு நிமிடத்தில் இரண்டாம் முறையும் கரண்ட் போனது, ரெக்கவரி எழுதியதும் பாதியில் நின்றிருக்கும்.

வேகம் வேண்டுமென்றால் எஃப்சிங்கைத் தொடாமல் சிங்க்ரோனஸ்_கமிட்டை ஆஃப் செய்யலாம். அதில் இழப்பு இருக்கிறது, ஆனால் அளவு தெரிந்த இழப்பு. வால்_ரைட்டர்_டிலேயின் மூன்று மடங்கு, அதாவது இயல்பு அமைப்பில் 600 மில்லிவிநாடிக்குள் நடந்த கமிட்கள் போகலாம். தரவு கெடாது. கடை பில்லுக்கு நான் அதையும் செய்யமாட்டேன். வாடிக்கையாளர் கையில் ரசீது போன பிறகு கணக்கில் அது இல்லாமல் போகக்கூடாது.

எஃப்சிங்க் ஆன் செய்தாலும் டிஸ்க் பொய் சொல்லலாம் என்பதை மறக்காதீர்கள். எஸ்எஸ்டிக்குள்ளேயே ஒரு கேஷ் உண்டு. சர்வருக்கென்று விற்கும் எஸ்எஸ்டிகளில் கரண்ட் போனாலும் அந்தக் கேஷை எழுதி முடிக்கும் அளவு கெப்பாசிட்டர்கள் இருக்கும். வாங்கும்போது பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன் என்று விவரத்தாளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப் எஸ்எஸ்டிகளில் அது பெரும்பாலும் இல்லை. பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் ஓட்டிப் பார்த்தால் ஓரளவு புரியும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க், ஒரு சுற்றுக்கு ஒரு கமிட் என்றால், விநாடிக்கு 120-க்கு மேல் உண்மையாக எழுத முடியாது. அது ஆயிரக்கணக்கில் காட்டினால் கேஷிலிருந்து பதில் சொல்கிறது என்று அர்த்தம்.

யுபிஎஸ் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் 2022, 2023-இல் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை 2 மணி நேர லோட்-ஷெடிங் ஓடியபோது உழைத்துத் தேய்ந்த லெட்-ஆசிட் பேட்டரிகள் இன்னும் எத்தனையோ மேசைக்கடியில் கிடக்கின்றன. பச்சை விளக்கு எரிவதை வைத்து நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். பில்லிங் நேரம் முடிந்து, சர்வரை அணைத்துவிட்டு, அதே அளவு சுமைக்கு ஒரு பழைய பெட்டியை மாட்டி, சுவரில் ப்ளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளை சர்வரில் செருகி யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் அல்லது ஏபிசியுபிஎஸ்டி மென்பொருளை நிறுவுங்கள். பேட்டரி பாதிக்கு இறங்கும்போதே சர்வர் தானாக முறையாக அணைய வேண்டும்.

கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழும் பயாஸ் அமைப்பையும் நிறுத்திவையுங்கள். காலியான லெட்-ஆசிட் பேட்டரி முழுதாக ஏறப் பல மணி நேரம் ஆகும். வந்த கரண்ட் சில நிமிடத்தில் மறுபடி போவது இங்கே வழக்கம், இரண்டாவது வெட்டைத் தாங்க அதில் சத்தே இருக்காது. ஒரு மனிதர் வந்து பேட்டரி அளவைப் பார்த்துப் பட்டனை அழுத்தட்டும்.


கேப்_இரவுப்பணி:

மேலே இருவரும் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். மீட்ட பிறகு என்ன என்பதை எழுதுகிறேன்.

மீட்ட தரவைப் பழைய கிளஸ்டரிலேயே (போஸ்ட்கிரெஸ் சர்வரின் முழுத் தரவுத் தொகுதி) திரும்பப் போடாதீர்கள். ஒரு டேபிளில் பிழை தெரிந்தது என்றால் மற்றவற்றில் தெரியாத பிழை இருக்கலாம். பிஜி_கிரியேட்கிளஸ்டரில் டேட்டா-செக்சம்ஸ் விருப்பம் கொடுத்துப் புதிய கிளஸ்டர் உருவாக்குங்கள். 14-இல் அது தானாக வராது, கேட்டால்தான் வரும். அது இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் டிஸ்கிலிருந்து படிக்கும்போது சரிபார்க்கும், கெட்ட பக்கம் படித்த உடனே தெரியும். பழையதிலிருந்து பிஜி_டம்ப்பில் விற்பனை_வரியின் தரவை மட்டும் விலக்கி எடுத்து, புதியதில் ஏற்றி, பிறகு மீட்பு டேபிளைச் சேருங்கள். ஃபாரின் கீ (ஒரு டேபிளின் வரியை இன்னொன்றோடு கட்டும் விதி) ஏதாவது ஏற மறுத்தால் அதை நீக்கிவிட்டு நகராதீர்கள். எந்த வரி அநாதையாக நிற்கிறது என்று உங்களுக்குச் சொல்வதே அதுதான். பயனர்களும் பாஸ்வேர்டுகளும் பிஜி_டம்ப்பில் வரா, பிஜி_டம்ப்ஆலில் குளோபல்ஸ்-ஒன்லி என்று தனியாக எடுக்கவேண்டும். கடைசியில் பிஜி_அம்செக் என்ற சரிபார்ப்புக் கருவியை ஓட்டுங்கள், அது இன்டெக்ஸ்களையும் பார்க்கும். முழு டம்ப் ஒன்று பிழையில்லாமல் போனதை வைத்து இன்டெக்ஸ்கள் நன்றாக உள்ளன என்று சொல்ல முடியாது, டம்ப் அவற்றைத் தொடுவதே இல்லை.

இனி அன்றாட ஏற்பாடு. இரவு ஒரு டம்ப் மட்டும் என்றால், மாலை 4 மணிக்குப் போனால் பகல் முழுவதும் போயிற்று. வால் கோப்புகளைச் சேமித்தால் இழப்பு சில நிமிடமாகக் குறையும். வாரம் ஒருமுறை பிஜி_பேஸ்பேக்கப் (டேட்டா அடைவின் முழு நகல்), அதோடு ஆர்க்கைவ்_மோட் ஆன். ஆர்க்கைவ்_கமாண்ட் வால் கோப்பை வேறு பெட்டிக்கு அனுப்ப வேண்டும். அதில் இரண்டு விதி: அங்கே அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் மேலெழுதக் கூடாது, உண்மையாக எழுதி முடித்தால் மட்டுமே பூஜ்யம் திருப்ப வேண்டும். பூஜ்யம் வந்தால் போஸ்ட்கிரெஸ் தன் பக்கத்துக் கோப்பை மறுபயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும்.

வால் துண்டு ஒன்று 16 எம்பி. வியாபாரம் மந்தமான நேரத்தில் அது நிரம்ப நேரமாகும், அதனால் ஆர்க்கைவ்_டைம்அவுட்டை 300 விநாடி வையுங்கள். அப்போது 5 நிமிடத்துக்கு மேல் இழப்பு இல்லை. நாள் முழுக்க அந்த வேகத்தில் போனால் 288 துண்டு, 4.6 ஜிபி. அரைகுறையாக நிரம்பியவை சுருக்கினால் மிகச் சிறிதாகிவிடும், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது ஆர்க்கைவ் தோற்கும்போது. மறுமுனைப் பெட்டி அணைந்திருந்தால் போஸ்ட்கிரெஸ் வால் கோப்புகளை அழிக்காமல் பிஜி_வால் அடைவில் குவித்துக்கொண்டே போகும். டிஸ்க் நிரம்பினால் சர்வர் நின்றுவிடும். அந்த நேரத்தில் இடம் வேண்டி பிஜி_வாலுக்குள் கைவிட்டுக் கோப்புகளை அழிப்பவர்கள் உண்டு. அது நெஞ்சில் கத்தி வைப்பது மாதிரி, டேட்டாபேஸ் திரும்ப எழாது. பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரில் ஃபெயில்ட்_கவுண்ட், லாஸ்ட்_ஆர்க்கைவ்ட்_டைம் இரண்டையும் மணிக்கு ஒருமுறை பார்த்து, 15 நிமிடத்துக்கு மேல் தேங்கினால் கைபேசிக்குச் செய்தி வருமாறு செய்யுங்கள். ஸ்கிரிப்ட் எழுத நேரமில்லை என்றால் பிஜிபேக்ரெஸ்ட் அல்லது பார்மன் என்ற பேக்கப் கருவி இவை அனைத்தையும் செய்யும்.

யாரோ மாலை 4:10-க்கு வேர் இல்லாமல் டெலீட் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸை நிறுத்தி, நடப்பு அடைவை வேறு பெயருக்கு மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். பேஸ் பேக்கப்பை அதன் இடத்தில் விரியுங்கள். பழைய அடைவின் பிஜி_வாலில் இன்னும் ஆர்க்கைவுக்குப் போகாத துண்டுகள் இருந்தால் புதியதின் பிஜி_வாலில் சேருங்கள். ரிஸ்டோர்_கமாண்ட், ரெக்கவரி_டார்கெட்_டைம் எழுதி, ரெக்கவரி.சிக்னல் என்ற காலிக் கோப்பை வைத்துத் தொடங்குங்கள். நேரத்தை எழுதும்போது தேதியைத் தொடர்ந்து '16:09:00+02' என்று நேர மண்டலத்தோடு எழுதுங்கள். சர்வர் யுடிசியில் ஓடி, நீங்கள் மண்டலம் எழுதாமல் விட்டால் அது நம் மாலை 6:09 ஆகிவிடும், டெலீட்டும் சேர்ந்தே திரும்பச் செய்யப்படும்.

இலக்கை அடைந்ததும் அது தானாக நின்று படிக்க மட்டும் விடும். உள்ளே போய் டேபிளைப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் முன்னே போகலாம் என்றால் நேரத்தைத் தள்ளிவைத்து மறுபடி தொடங்கலாம். தாண்டிப் போய்விட்டால் பின்னால் வர முடியாது, பேஸ் பேக்கப்பிலிருந்து மறுபடி விரிக்க வேண்டும். ஆகவே ஒரு நிமிடம் முன்னதாகவே குறிவையுங்கள். திருப்தி என்றால் பிஜி_வால்_ரீப்ளே_ரெஸ்யூம்.

பேஸ் பேக்கப் அதே பெரிய பதிப்பில் மட்டுமே எழும். 14-இல் எடுத்தது 16-இல் எழாது. அதனால் மாத இறுதியில் ஒரு பிஜி_டம்ப்பும் எடுத்து வையுங்கள், அது பிந்தைய பதிப்புகளிலும் ஏறும். வரிக் கணக்கு ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டிய நாட்டில் இது வெறும் தொழில்நுட்ப விஷயம் அல்ல.

எங்கே வைப்பது? அதே பெட்டியின் இரண்டாவது டிஸ்க் பேக்கப் இல்லை. அதே கட்டடமும் போதாது. 2021 ஜூலைக் கலவரத்தையும் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் பார்த்த டர்பன்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நகல் வேறு ஊரில். அமேசானின் கேப் டவுன் தரவு மையம் 2020 முதல், மைக்ரோசாஃப்டின் ஜொஹானஸ்பர்க் மையம் 2019 முதல் இருப்பதால் நாட்டுக்குள்ளேயே வைக்கலாம். வாடிக்கையாளர் பெயரும் கைபேசி எண்ணும் அதில் இருப்பதால் போப்பியா சட்டத்தின் (தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) 19-ஆம் பிரிவு சொல்லும் பாதுகாப்புக் கடமை பேக்கப்புக்கும் பொருந்தும். அனுப்பும் முன்பே ஜிபிஜி என்ற மறையாக்கக் கருவியில் பூட்டுங்கள். சாவியை அந்த சர்வரில் மட்டும் வைத்துவிட்டு, சர்வர் போன அன்று தேடாதீர்கள். காகிதத்தில் அச்சிட்டு முதலாளியின் பெட்டகத்தில் ஒன்று இருக்கட்டும். சர்வரின் கணக்குக்கு எழுத மட்டும் அனுமதி, அழிக்க அனுமதி வேண்டாம். ரேன்சம்வேர் வந்தால் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் இன்னொரு பெட்டியில் தானாக ரீஸ்டோர் ஓடி, கடைசி பில்லின் தேதியையும் வரி எண்ணிக்கையையும் உங்கள் கைபேசிக்கு அனுப்பட்டும். சனிக்கிழமை தேதி வரவில்லை என்றால் ஏதோ கெட்டிருக்கிறது. இது இருந்திருந்தால் 20 பைட் ஒரு வாரத்துக்குள் தெரிந்திருக்கும்.


பீனிக்ஸ்_வலைவேலை:

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி வைத்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாக. எஃப்சிங்குக்கு இணையாக நீங்கள் பார்க்க வேண்டியவை இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட், சிங்க்_பின்லாக். இரண்டும் 1 ஆக இருக்கட்டும். டபுள்ரைட் பஃபரை அணைக்காதீர்கள், அங்கே பக்கம் 16 கேபி, பாதி எழுதிய பக்கத்தைக் காப்பது அதுதான். மைஎஸ்க்யூஎல்டம்ப்பில் சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் விருப்பம் இன்னோடிபி டேபிள்களுக்கு மட்டுமே ஒரே கணத்தின் படத்தைத் தரும். பழைய மென்பொருளில் மைஐஎஸ்ஏஎம் டேபிள்கள் ஒளிந்திருக்கும், அவற்றுக்கு க்ராஷ் ரெக்கவரியே கிடையாது, மாற்றிவிடுங்கள். சர்வர் எழ மறுத்தால் இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெக்கவரியை 1-இலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி, எழுந்ததும் டம்ப் எடுங்கள். 4-உம் அதற்கு மேலும் தரவை நிரந்தரமாகக் கெடுக்கலாம், நகலில் மட்டும்.

ரெப்ளிகா (உடனுக்குடன் நகலாகும் இன்னொரு சர்வர்) இருக்கிறது, பேக்கப் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். டிராப் டேபிள் போட்டால் ரெப்ளிகாவிலும் உடனே டிராப் ஆகும்.


சாட்ஸ்வொர்த்_கடைக்கணக்கு:

வேலை நகலில் செய்து முடித்தேன், விவரம் எழுதுகிறேன். மொத்தம் 88,412 பிளாக். லூப் காட்டிய கெட்டவை மூன்று: 51207, 51208, 88340. தலைப்புத் தொகையோடு ஒப்பிட்டதில் நாலாவதாக ஒரு பூஜ்யப் பக்கமும் கிடைத்தது, 88351. அண்ணா சொல்லாவிட்டால் அதைத் தவறவிட்டிருப்பேன். முதல் இரண்டு பிளாக்கின் வரிகள் 131, எல்லாம் பழைய டம்ப்பில் இருந்தன. கடைசி இரண்டும் இந்த 9 நாளுக்குள் வருபவை, டம்ப்பில் இல்லை. 124 வரி, 17 பில். அவற்றின் தலைப்புகள் நன்றாக இருக்கின்றன, எண் தெரிகிறது. கடையில் கார்பன் நகல் புத்தகம் உண்டு, அதிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறோம்.

செக்சம்ஸோடு புதிய கிளஸ்டர் தயார், பிஜி_அம்செக் சுத்தம். இரண்டு சந்தேகம். மீட்பு டேபிளை ஏற்றிய பிறகு புது பில் போட்டால் ஐடி மோதுகிறது. பழைய நகல்களை எப்போது அழிக்கலாம்?


ஜோபர்க்_டிபிஏ:

ஐடி மோதுவது சீக்வென்ஸால் (அடுத்த ஐடி எண்ணைத் தரும் எண்ணி). வரிகளை ஐடியோடு கையால் ஏற்றும்போது அது தானாக நகராது, பின்தங்கி நிற்கிறது. செட்வால் கொண்டு மேக்ஸ் ஐடிக்கு நகர்த்துங்கள்:

செலக்ட் செட்வால்(பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ்('விற்பனை_வரி', 'ஐடி'), (செலக்ட் மேக்ஸ்(ஐடி) ஃப்ரம் விற்பனை_வரி));

கார்பன் புத்தகத்திலிருந்து அடிக்கும் 124 வரிகளும் உள்ளே போன பிறகு இதை ஓட்டுங்கள். மற்ற டேபிள்களையும் ஒருமுறை இதே மாதிரி ஒப்பிட்டுவிடுங்கள், கையால் தொட்டது ஒன்றுதான் என்றாலும் ஐந்து நிமிட வேலை.

பூட்டி வைத்த முதல் நகலை இந்த மாத ஸ்டாக் எண்ணி, வாட் கணக்கு அனுப்பி, இரண்டும் புதிய டேட்டாபேஸோடு ஒத்துப்போகும் வரை வைத்திருங்கள். மேலே தேதியும் "எஃப்சிங்க் ஆஃப் காலத்து நகல், ஏற்ற வேண்டாம்" என்றும் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். வேலை செய்த நகலை இப்போதே அழிக்கலாம். அந்தப் பழைய எஸ்எஸ்டியை மட்டும் சர்வரில் திரும்பப் போடாதீர்கள்.